எட்டு எண்ணும் பூஜ்யமாக வந்தால்

நோட்டில் ஏழு கேள்விகள் எழுதியிருந்தேன். அனுப்பியது இரண்டு.

நடந்ததை வரிசையாக எழுதலாம் என்று உட்கார்ந்தால், எங்கே தொடங்கினாலும் இந்த இடத்துக்கே வந்து நிற்கிறேன். அதனால் இதையே முதலில் எழுதிவிட்டேன்.

எங்கள் கம்பெனி குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டர் செய்கிறது. கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டி. குழந்தையின் வயிற்றில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சாரை ஒட்டுவார்கள். அது தோலின் சூட்டை அளந்து சொல்லும். அதற்கேற்ப பெட்டி தன் ஹீட்டரைக் கூட்டும், குறைக்கும். பெட்டிக்குள் ஒரு சிறிய கணினி உண்டு. அதை இயக்கும் அடிப்படை நிரலுக்குப் பெயர் கெர்னல். கெர்னலுக்குள் இருந்துகொண்டு சென்சாரோடு பேசும் நிரலுக்குப் பெயர் டிரைவர். திரையில் எண் காட்டும் நிரலும் அலாரம் அடிக்கும் நிரலும் டிரைவர் சொல்வதை அப்படியே நம்பும். அது பொய் சொன்னால் மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை.

அதற்காகத்தான் ரிவ்யூ. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகப் படித்துக் கேட்க வேண்டியதைக் கேட்பார். திருப்தியானால் ‘அப்ரூவ்’ அழுத்துவார். அழுத்திவிட்டால் அந்த நிரலின் அடியில், சரிபார்த்தவர் என்று அவர் பெயர் ஏறிவிடும். பிறகு யாராலும் அழிக்க முடியாது.

நான்கு மாதத்துக்கு முன்புவரை நான் இதே கம்பெனியில் கீழ்த்தளத்து அசெம்பிளி மேசையில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டரை வருடம் மாலை வகுப்பில் நிரல் எழுதப் படித்து, பரீட்சை எழுதி, மேல்மாடிக்கு வந்தேன். இன்றும் வாரத்துக்கு மூன்று நாள் மாலை வகுப்பு உண்டு. அதனால் மேல்மாடியில் எனக்கு வைத்த பெயர் டியூஷன். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதில் தேறாவிட்டால் மறுபடி கீழே. கீழே இருப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் ‘போன மச்சான் திரும்பி வந்தான்’ என்ற கணக்கில் படியிறங்கி வர நான் தயாராக இல்லை.

அந்த வாரம் ரிவ்யூவுக்கு வந்தது சென்சார் டிரைவர். அறுநூற்று நாற்பது வரிகள். எழுதியவர் பதினான்கு வருட அனுபவசாலி. முழம் நீளக் கேள்விக்கும் ஒரே சொல்லில் பதில் சொல்லி ஒரு புள்ளியும் வைப்பார் என்பதால் அவரை எல்லோரும் ஃபுல்ஸ்டாப் என்பார்கள், அவர் முன்னாலேயே. வழக்கமாக இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். இன்னொருவர் பிரசவத்துக்குப் போய்விட்டதால் எங்கள் பிரிவுத் தலைவியான மேடம், “இந்தத் தடவை டியூஷன் ஒருத்தி பாத்தா போதும். ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற டிரைவர்தானே,” என்று சொல்லிவிட்டார்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. சோதனைக்காகப் பன்னிரண்டு பெட்டிகள் மூன்று ஆஸ்பத்திரிகளுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. சோதனைப் பெட்டி என்றால் ரிவ்யூவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புகாரும் வரவில்லை. இன்னும் நாற்பது பெட்டிகள் அடுத்த வார வெள்ளிக்கிழமை லாரி ஏற வேண்டும்.

நான் நிரலைப் பதின்மூன்று தாள்களில் அச்செடுத்துக்கொண்டேன். ஸ்கேலை வைத்து மற்ற வரிகளை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒவ்வொரு வரியிலும் ‘இது நடக்காவிட்டால்?’ என்று கேட்டுக்கொள்வது என் முறை. நான்கு நாள் ஆனது. கேள்விகளைப் பென்சிலால் நோட்டில் எழுதினேன்.

ஐந்தாவது கேள்வியைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்தச் சென்சாரும் பிறவியிலேயே சற்றுக் கூடவோ குறையவோ காட்டும். எவ்வளவு என்பதைச் சென்சார் செய்கிற இடத்திலேயே அளந்து, எட்டுத் திருத்த எண்களாக அதன் நினைவகத்தில் எழுதி அனுப்புவார்கள். பெட்டியை ஆன் செய்ததும் டிரைவர் சென்சாரை ரீசெட் செய்யும், அதாவது முதலிலிருந்து தொடங்கவைக்கும். ஒரு மில்லி செகண்ட் காத்திருக்கும். பிறகு அந்த எட்டு எண்களைப் படித்துக்கொள்ளும். அதற்குப்பின் வரும் ஒவ்வோர் அளவையும் அந்த எண்களைக் கொண்டுதான் திருத்தும்.

நான் எழுதியிருந்த ஐந்தாவது கேள்வி: ‘எட்டு எண்ணும் பூஜ்யமாக வந்தால்? திருத்தமே இல்லாமல் ஓடுமே. யாருக்கும் தெரியாதே?’

எழுதிவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யமாக எப்படி வரும்? சென்சார் பழுதானால் பதிலே வராது, அதை டிரைவர் பிடித்துவிடுகிறது. பதிலும் வந்து எட்டும் பூஜ்யமாக இருப்பது நடக்கிற காரியமா? ரிவ்யூவில் கேட்பதை மாடி முழுக்கப் படிக்கும். ‘வராது.’ என்று அவர் பதில் போடுவார், புள்ளியோடு. ஸ்க்ரூ முடுக்கியவளுக்கு இந்தக் கேள்வி தேவையா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நினைப்பார்கள். பென்சிலாலேயே அதை அடித்தேன்.

ஒன்றுமே கேட்காமல் அப்ரூவ் செய்தால் படிக்கவே இல்லை என்பார்கள். அதனால் யாரும் மறுக்க முடியாத இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று, குறிப்பு ஒன்றில் எழுத்துப்பிழை. இரண்டு, ரீசெட்டுக்கும் எண்களைப் படிப்பதற்கும் நடுவில் ஒரு பிரிண்ட் வரி இருந்தது. ‘சென்சார் ரீசெட் ஆனது’ என்று தொடங்கி முகவரி, பதிப்பு, வரிசை எண் எல்லாம் சேர்த்து ஒரு நீளமான செய்தியைச் சோதனைக் கணினிக்கு அனுப்பும் வரி. எழுதும்போது தன் வசதிக்காகப் போட்டது. ‘இந்த பிரிண்ட் வரி இனித் தேவையில்லை, எடுத்துவிடலாம்’ என்று எழுதினேன்.

‘சரி.’ என்று பதில் வந்தது. எடுத்துவிட்டார். நான் அப்ரூவ் அழுத்தினேன்.

அன்று வீட்டில் அக்கா தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளோடும் மாமாவோடும்தான் இருக்கிறேன். மாமா வேன் ஓட்டுகிறார்.

“என்ன கொழுந்தியாளே, உங்க டிரைவருக்கு லைசென்ஸ் குடுத்தாச்சா?”

“குடுத்தாச்சு மாமா.”

“எட்டு போடச் சொல்லிப் பாத்தியா? பாக்காம குடுத்திருந்தா நாளைக்கு எவன் வீட்டுச் சுவர்ல போய் மோதுமோ.”

“சாப்பிடுற நேரத்துலயாவது அவளை விடுங்களேன்,” என்றாள் அக்கா.

நானும் சிரித்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை, கீழ்த்தளத்தில் பெட்டிகளைச் சோதிக்கும் டெஸ்ட் ரூம் அண்ணன் படியேறி வந்தார். அவர் யாரையும் தேடி மேலே வருகிறவர் இல்லை.

“டியூஷன், ஒரு நிமிஷம் கீழ வந்துட்டுப் போ.”

“என்னண்ணே?”

“வா, சொல்றேன். மூஞ்சியை இப்பவே அப்படி வெச்சுக்காதே.”

டெஸ்ட் ரூமில் ஒன்பதாம் எண் பெட்டி ஆன் ஆகியிருந்தது. சென்சார் சரியாக முப்பத்தாறு டிகிரி வெந்நீரில் இருந்தது. திரை முப்பத்தேழரை காட்டியது.

“அணைச்சுப் போடட்டுமா? இப்ப பாரு.” அணைத்துப் போட்டார். முப்பத்தாறு. “நேத்து புது வெர்ஷனை ஏத்தினதுலேருந்து நாப்பது தடவைக்கு ஒரு தடவை இப்படி வருது. ஒண்ணரை டிகிரி கூட. வந்தா, அணைக்கிற வரைக்கும் அப்படியேதான் நிக்குது. பழைய வெர்ஷன்ல மூணு மாசமா இது வந்ததே இல்லை. நீ என்னத்தம்மா எடுத்தே?”

ஒண்ணரை டிகிரி கூடக் காட்டினால் என்ன ஆகும் என்பதை அசெம்பிளி மேசையில் இருப்பவர்களும் அறிவார்கள். குழந்தை சூடாக இருக்கிறது என்று நம்பிப் பெட்டி ஹீட்டரைக் குறைத்துவிடும். உள்ளே குழந்தை குளிர்ந்துகொண்டே போகும். திரையில் எல்லாம் சரியாக இருக்கும், அலாரம் அடிக்காது.

“ஒரு பிரிண்ட் வரியை எடுக்கச் சொன்னேன் அண்ணே. அவ்வளவுதான்.”

“பிரிண்ட் வரியா? அதுல என்ன இருக்கு?”

எனக்கும் தெரியவில்லை.

ஃபுல்ஸ்டாப் வந்தார். அந்த வரியைத் திரும்பப் போட்டு ஏற்றினார். மாலைவரை இருநூறு தடவை ஆன் செய்து பார்த்தோம். ஒரு தடவைகூடத் தப்பு வரவில்லை. மேடம் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “அப்புறம் என்ன, அந்த வரி இருந்துட்டுப் போகட்டும். மூணு மாசம் டெஸ்ட் ஆன வெர்ஷன் அது. வெள்ளிக்கிழமை லாரியை மாத்த முடியாது,” என்றார். என் பக்கம் திரும்பி, “தேவையில்லாததுல கை வைக்கக் கூடாதும்மா. படிக்கிறப்ப நிதானம் வேணும்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

“சரி,” என்றார் ஃபுல்ஸ்டாப்.

திருத்திய வடிவத்துக்கு மறுபடி என் அப்ரூவ் வேண்டும். அழுத்திவிட்டு வகுப்புக்குப் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை. ஒரு செய்தியை அச்சிடுவதால் சென்சார் எப்படிச் சரியாகும்? காரணம் தெரியாமல் என் பெயரை இரண்டாவது தடவை போடப் பயமாக இருந்தது. தைரியத்தால் செய்ததில்லை. பயத்தில்தான் அன்று வகுப்புக்குப் போகாமல் உட்கார்ந்தேன்.

செய்தி சோதனைக் கணினிக்கு ஒரு கேபிள் வழியாகப் போகிறது. எழுத்து எழுத்தாகப் போகிறது. கடைசி எழுத்து போய்ச் சேரும்வரை டிரைவர் அடுத்த வரிக்கு நகராது. அந்தச் செய்தியின் எழுத்துகளை எண்ணினேன், தொண்ணூற்றிரண்டு. கேபிளின் வேகத்தில் அது போக எட்டு மில்லி செகண்ட் ஆகும். சென்சாரின் விவரப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது: ரீசெட்டுக்குப் பின் ஐந்து மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். அதற்குள் படித்தால் நினைவகம் பூஜ்யங்களைத் தரக்கூடும்.

டிரைவர் காத்திருந்தது ஒன்று.

சந்தேகம் தீர, செய்தியைப் பத்தே எழுத்தாகச் சுருக்கி டெஸ்ட் ரூம் அண்ணனிடம் கொடுத்தேன். முப்பத்து மூன்றாவது தடவையில் தப்பு வந்தது. எட்டுத் திருத்த எண்களையும் திரைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். எட்டும் பூஜ்யம்.

நோட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பென்சில் கோட்டுக்கு அடியில் என் எழுத்து எப்படி இருந்தது என்பதுகூட நினைவில் இருந்தது.

“அடேயப்பா,” என்றார் அண்ணன். “அந்த வளவளன்னு பேசுற வரிதான் இத்தனை நாளா காப்பாத்திட்டு இருந்திருக்கா?”

நான் தலையாட்டினேன். ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. காத்திருப்பதை ஐந்துக்கு மேல் ஏற்றிவிட்டால் முடிந்தது. தண்ணீர் குடிக்க டம்ளரோடு எழுந்தேன். அசெம்பிளி மேசைகளுக்கு நடுவில் நடந்தபோது சுவரில் ஒட்டியிருந்த வேலை வரிசைப் பட்டியலில் கண் போனது. இரண்டரை வருடம் தினமும் நான் செய்த வேலைகள். இருபத்திரண்டாவது படி: பெட்டியை மூடும் முன் செய்தி வெளியீட்டை அணைக்கவும்.

டம்ளரை அங்கேயே வைத்துவிட்டேன்.

வெளியே போகிற பெட்டியில் கேபிள் இல்லை. அது எந்தச் செய்தியையும் அச்சிடாது. பிரிண்ட் வரி இருந்தாலும் இல்லாததுபோலத்தான். எங்கள் டெஸ்ட் ரூமில் மட்டும்தான் அந்த எட்டு மில்லி செகண்ட் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போன பன்னிரண்டு பெட்டிகளுக்கும் அது ஒருநாளும் கிடைத்ததில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கே மேடம் அறை வாசலில் நின்றேன். ஃபுல்ஸ்டாப்பையும் வரச் சொல்லியிருந்தேன். தாளில் எழுதிக்கொண்டு போனதை அப்படியே படித்தேன்.

மேடம் அந்தத் தாளை வாங்கி ஒருமுறை படித்தார். பிறகு, “ஒரு மாசமா ஒரு கம்ப்ளெயிண்ட்கூட வரலையே. நாப்பதுக்கு ஒண்ணுன்னா இந்நேரம் யாராவது கேட்டிருக்க மாட்டாங்களா?” என்றார்.

“கேக்காம இருக்கிறதால வரலைன்னு அர்த்தமில்லை மேடம்.”

“காத்திருக்கிற நேரத்தை மட்டும் கூட்டினா போதுமா?”

இங்கே நான் ‘போதும்’ என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரித் திருத்தம். அதோடு முடிந்திருக்கும், என் நோட்டும் பையிலேயே இருந்திருக்கும்.

“போதாது மேடம். எட்டும் பூஜ்யமா வந்தா டிரைவர் அதை ஏத்துக்கக் கூடாது. மறுபடி படிக்கணும். அப்பவும் பூஜ்யம்னா அலாரம் அடிக்கணும். அந்தச் சோதனை இருந்திருந்தா எந்தக் காரணத்தால வந்தாலும் மாட்டியிருக்கும்.”

“அதை ரிவ்யூல ஏன் நீ கேக்கலை?”

“எழுதி வெச்சிருந்தேன். அனுப்பலை.”

“ஏன்?”

“கேட்டா சிரிப்பீங்கன்னு நெனச்சேன்.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னக் காரணம் என்று உறைத்தது. மேடம் பேனாவை மூடி மேசையில் வைத்தார். ஃபுல்ஸ்டாப் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டிருந்தாலும் நான் வராதுன்னுதான் சொல்லியிருப்பேன்,” என்றார் அவர். அவர் இத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. “ஒரு மில்லி செகண்ட்ங்கிறது போன மாடல் சென்சாருக்கு. அதுலேருந்து காப்பி பண்ணேன். புது புத்தகத்தைத் திறக்கலை. பதினாலு வருஷ அனுபவம் இருந்தும் திறக்கலை. தப்பு என்னுது.”

“தப்பு யாருதுன்னு அப்புறம் பாக்கலாம்,” என்றார் மேடம். போனை எடுத்திருந்தார். “பன்னெண்டு பெட்டியும் எங்க இருக்கு? அந்த லிஸ்ட்டைக் கொண்டா.”

முதல் ஆஸ்பத்திரியில் ஐந்து பெட்டி. இரண்டு நாளாக எதிலும் குழந்தை இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிடச் சொன்னோம்.

இரண்டாவது ஆஸ்பத்திரியிலும் ஐந்து. தலைமை நர்ஸ் போனை எடுத்தார். மேடம் ஸ்பீக்கரில் போட்டு, “பெட்டியை ஆன் பண்றப்ப சில சமயம் சூடு கூடக் காட்டுதா?” என்று கேட்டார்.

“ஆமா, காட்டுமே,” என்றார் அவர், ஏதோ மழை பெய்யுமா என்று கேட்டதுபோல. “போட்டதும் தெர்மாமீட்டர் வெச்சுப் பாப்போம். ஒத்துப்போகலைன்னா அணைச்சுட்டு மறுபடி போடுவோம், சரியாயிடும். முதல் தடவை உங்க பெட்டிக்குக் கொஞ்சம் கோவம் வரும்னு சொல்லித்தான் புதுசா வர்ற பிள்ளைங்களுக்குப் பழக்கியிருக்கோம்.”

“எங்ககிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்க குடுத்த புகார்த் தாள்ல ‘பெட்டி வேலை செய்கிறதா’ன்னு ஆமா, இல்லைன்னு ரெண்டே கட்டம்தானே இருக்கு. வேலை செய்யுதே.”

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, ஐந்து பெட்டியையும் இப்போதே தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

மூன்றாவது ஆஸ்பத்திரியில் இரண்டு பெட்டி. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் ஒருவர் எடுத்து, வார்டுக்குச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். எப்போது என்று கேட்டால், “சொல்லுவாங்க,” என்றார். “இன்னிக்கு விடியக்காலையில கரண்ட் வேற போய்ப் போய் வந்துச்சு. எல்லாரும் அதுல அலைஞ்சிட்டிருக்காங்க.”

கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாக அணைந்து தானாக ஆன் ஆகும். உள்ளே குழந்தை இருக்கும்போதே. அப்போது யாரும் தெர்மாமீட்டரை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள், முந்திய இரவே பார்த்தாயிற்று என்று. நேரில் போவதைத் தவிர வழியில்லை.

கம்பெனி கார் எங்கோ போயிருந்தது. நான் மாமாவுக்குப் போன் செய்தேன். பக்கத்தில்தான் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் வாசலில் ஹாரன் அடித்தார்.

வேனில் நான் நடுவில், ஃபுல்ஸ்டாப் ஜன்னலோரம், மடியில் லேப்டாப்போடு. மாமா ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். கிண்டல் செய்யவில்லை.

“எவ்வளவு அவசரம்?”

“தெரியலை மாமா. ஒண்ணுமே இல்லாமயும் இருக்கலாம்.”

“அப்ப அவசரம்தான்,” என்று கியரைப் போட்டார்.

நான் கணக்குப் போட்டேன். நாற்பதில் ஒன்று. விடியற்காலையில் எத்தனை தடவை கரண்ட் போயிற்றோ அத்தனை தடவை சீட்டுக் குலுக்கியாயிற்று. இரண்டு பெட்டி. மூன்று தடவை என்றால் ஆறு குலுக்கல். கடைசிக் குலுக்கல்தான் முக்கியம், அப்படியானால் இரண்டே. இருபதில் ஒன்று. இருபதில் பத்தொன்பது தடவை ஒன்றும் ஆகாது. இதை எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன் என்று தெரியாது. ஒவ்வொரு சிக்னலிலும் அந்த ஒன்றுதான் கண்ணில் நின்றது.

வார்டு இரண்டாவது மாடி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நின்றோம். உள்ளே ஒரு நர்ஸ் தனியாக இருந்தார். எங்கள் பெட்டிகள் இரண்டில் ஒன்று காலி. இன்னொன்றில் குழந்தை. திரையில் முப்பத்தாறு புள்ளி ஆறு. பச்சை விளக்கு.

நான் கம்பெனி அட்டையைக் காட்டி, “தயவுசெஞ்சு இந்தக் குழந்தைக்குத் தனியா தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்க,” என்றேன். “பெட்டி காட்டுறது தப்பா இருக்கலாம்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “காலையிலேருந்து எனக்கும் அதே சந்தேகம்தான். உள்ளங்கால் சில்லுனு இருக்கு. இது என்னடான்னா முப்பத்தாறரைங்குது. ரெண்டு தடவை டாக்டர்கிட்டச் சொன்னேன். மெஷினே சரின்னு சொல்லுதேம்மான்னு போயிட்டார்.” பேசிக்கொண்டே கையைப் பெட்டியின் வட்டத் துளைக்குள் விட்டுவிட்டார். குழந்தையின் தலையில் ஒரு குல்லா, அதன்மேல் இன்னொரு குல்லா. இரண்டாவதை அவர் தாமாகப் போட்டிருக்க வேண்டும்.

தெர்மாமீட்டர் ஒலித்தது.

“முப்பத்தஞ்சு புள்ளி ஒண்ணு.”

அவர் அதைச் சொன்ன வேகத்திலேயே அடுத்த பெட்டியை ஆன் செய்தார். ஃபுல்ஸ்டாப் குனிந்து லேப்டாப்பைச் செருகி, “எட்டும் இருக்கு. இது சரியா வந்திருக்கு,” என்றார். அது சூடாகிற வரை நர்ஸ் குழந்தையை எடுத்துத் தன் மார்போடு அணைத்து, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டார். அவ்வளவு சின்ன முதுகை நான் பார்த்ததில்லை. எங்கள் பெட்டியை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். உள்ளே வைப்பது இதைத்தான் என்று அன்றுதான் பார்த்தேன்.

குழந்தையை மாற்றிப் படுக்கவைத்துச் சென்சாரை ஒட்டியதும் புதுத் திரை முப்பத்தைந்து புள்ளி மூன்று காட்டியது. தெர்மாமீட்டரும் அதையே காட்டியது. ஹீட்டர் முழு வேகத்தில் இரைந்தது.

“யாரு இதைச் செக் பண்ணி அனுப்பினது?” என்று கேட்டார் நர்ஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஃபுல்ஸ்டாப் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“இங்க வந்தப்ப யாரும் பண்ணலைங்க. போன வாரம் நான் பண்ணேன். இது தெரிஞ்சிருக்கணும். எழுதிவெச்சுட்டுக் கேக்காம விட்டுட்டேன்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“எனக்கு இன்னும் நாலு குழந்தைக்குப் பால் குடுக்கணும்,” என்றார். “அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க தெர்மாமீட்டரைப் பாருங்க. குறைஞ்சா கூப்பிடுங்க. குறையலைன்னா கூப்பிடாதீங்க.”

உட்கார்ந்தேன். முப்பத்தைந்து புள்ளி நான்கு. பிறகு மறுபடி நான்கு. ஐந்து நிமிடம் அவ்வளவு நீளம் என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. ஏழு. ஒருமுறை ஆறுக்கு இறங்கியது. எழுந்து நின்றுவிட்டேன், கூப்பிட வாயெடுப்பதற்குள் மறுபடி ஏழு. கண்ணாடிக்கு அப்பால் ஃபுல்ஸ்டாப் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பழுதான பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். மாமா அவருக்கு ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து முப்பத்தாறு புள்ளி இரண்டு. குழந்தை காலை உதைத்தது. நர்ஸ் வந்து உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு குல்லாக்களில் ஒன்றைக் கழற்றினார்.

அப்போது என் போன் அதிர்ந்தது. மேடம்.

“குழந்தை எப்படி இருக்கு?”

“சூடு ஏறிட்டிருக்கு மேடம். நல்லா இருக்கு.”

“சரி. ஃபுல்ஸ்டாப் வேன்ல போறப்பவே டிரைவரைத் திருத்தி அனுப்பிட்டார். ஒன்பது வரிதான் மாத்தியிருக்கார். நீ வந்து பாத்து அப்ரூவ் பண்ணிட்டேன்னா வெள்ளிக்கிழமை லாரியை வரச் சொல்லிடலாமா?”

ஒன்பது வரிதான். ஆனால் சென்சாரின் விவரப் புத்தகத்தில் நான் முப்பத்தொன்றாம் பக்கத்தோடு நின்றுவிட்டேன். மொத்தம் எண்பத்தாறு பக்கம். போன மாடலிலிருந்து வேறு எதெல்லாம் அப்படியே வந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் டெஸ்ட் ரூமில் ஒருநாளும் பார்த்ததில்லை.

“வேண்டாம் மேடம்,” என்றேன்.

“எத்தனை நாள் வேணும்?”

“தெரியலை மேடம். முழுசா படிச்சுட்டுத்தான் சொல்ல முடியும்.”

“தெரியலைன்னு நான் எப்படி மேல சொல்றது?”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க. என் பேருதானே அடியில வரப்போகுது.”

நர்ஸ் பால் புட்டியோடு திரும்பி, “ஏங்க, போனை வெளிய வெச்சுட்டு வாங்க,” என்றார். “நேரமாச்சு. என்ன காட்டுது பாருங்க.”

பார்த்தேன். முப்பத்தாறு புள்ளி ஐந்து.